கம்பளத்தில் விழுந்த குறி

அத்தியாயம் பதினொன்று

பிரிக்பீல்ட்ஸில் அன்று காலை மழை இல்லை. அதுவே பாதி வெற்றி என்று தனலெட்சுமி நினைத்தாள். மீதிப் பாதியை அவளே கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைத் திட்ட வேண்டாம்.

ஆற்றோரத்துச் சலவைக்கடையிலிருந்து பழனியப்பன் தன் தம்பி நாகையாவையும் தம்பி மனைவி தனலெட்சுமியையும் துரத்திவிட்டது நினைவிருக்கும். சண்டை கம்பளத்தால் வந்தது.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து துரைமார் ஒரே சட்டையை இரண்டு நாள் போடப் பழகிவிட்டார்கள். சலவைக்கு வரும் மூட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் ஹோட்டல்காரர்களுக்கும் கிளப்காரர்களுக்கும் வேறொரு தலைவலி. சீமையிலிருந்து புதுக் கம்பளம் வரவழைக்கக் கையில் காசில்லை. கிடக்கிற பழசோ பூஞ்சை பிடித்து நாறுகிறது. அதைக் கழுவித் தர ஆள் இருந்தால் கொடுப்பார்கள் என்று கண்டுபிடித்தவள் தனலெட்சுமி. கலியாணத்துக்கு முன் கிள்ளானில் ஒரு துரை வீட்டில் ஆயாவாக இருந்தபோது, அந்த வீட்டுத் துரைசானி கம்பளம் கழுவ வைத்த விதம் அவளுக்கு அத்துப்படி.

"கம்பளம் வெளுக்கப் போறாளாம்! நேத்து வந்தவ எனக்குத் தொழில் சொல்லித் தர்றா!" என்று பழனியப்பன் பாய்ந்தான். இவளும் வாயை மூடுகிற ரகம் இல்லை. அன்று மாலையே சட்டி பானை வெளியே வந்தது.

இப்போது புருஷனும் பெண்டாட்டியும் மூடிப்போன ஒரு செங்கற்சூளையில் குடியிருக்கிறார்கள். மண் குழைக்கிற பழைய தொட்டிதான் கம்பளம் ஊறும் தொட்டி. ரயில்வேக்காரர்கள் கழித்துப்போட்ட கட்டைகள்தான் காயப்போடும் பரண்.

தனலெட்சுமி விடாமல் நச்சரித்ததில், ஸ்டேஷன் பக்கத்து ஹில்வியூ ஹோட்டலில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சீவரத்தினம் படிப்பறைச் சிவப்புக் கம்பளத்தைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். பூனை அசிங்கம் செய்து வைத்த கம்பளம். அது தேறினால் ஹோட்டல் கம்பளம் அத்தனையும் இவர்களுக்கு. அதே முதலாளியின் கிள்ளான் ஹோட்டலும் பின்னாலேயே வரும். தேறாவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கிள்ளான் போயிருக்கிற முதலாளி ஹாரிஸ் துரை இன்று மதியம் திரும்பி வந்து பார்க்கப்போகிறார்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்த ஹோட்டலின் படுக்கை விரிப்புகளெல்லாம் பழனியப்பன் கடைக்குத்தான் வெளுக்கப் போகின்றன. அவன் அடுப்பு எரிவதே இப்போது அந்த விரிப்புகளால்தான்.

தனலெட்சுமி கம்பளத்தில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாள். பூனையும் இல்லை, பூஞ்சையும் இல்லை. புளித்த காடிநீரில் அலசிய சிவப்பு, வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி எழும்பி நின்றது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுருட்டுவதற்காக ஒரு மூலையைத் தூக்கினாள். சிரிப்பு நின்றது.

வெள்ளைக் கரையின் மூலையில் கறுப்பாக ஒரு வட்டம். அதன் கீழே மூன்று புள்ளி.

அடிப்பக்கம் போட்ட குறி. ஆனால் மை மேல்பக்கத்துக்கும் ஊறி, வெள்ளைக் கரையில் கண்ணை உறுத்திக்கொண்டு நின்றது.

சலவைக்காரர் வீட்டுக்கு வீடு ஒரு கடைக்குறி உண்டு. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசியும் சாற்றால் துணியில் போட்டு, மேலே சுண்ணாம்பை ஒற்றினால் கறுத்துவிடும். அதற்குப் பிறகு துணி கிழிந்தாலும் கிழியுமே ஒழிய குறி போகாது. வட்டமும் மூன்று புள்ளியும் பழனியப்பன் கடைக்குறி. அப்பன் காலத்திலிருந்து வருவது.

"ஏங்க! இங்க வாங்க!"

நாகையா வாயில் வேப்பங்குச்சியோடு வந்தான். மூலையைப் பார்த்தான். குச்சி கீழே விழுந்தது.

"பாத்தீங்களா உங்க அண்ணன் பண்ணின வேலைய? நான் நேத்து பாசாருக்குக் காய் வாங்கப் போன நேரம் பாத்து வந்து, குறி வச்சிட்டுப் போயிருக்காரு! நம்ம பொழப்பக் கெடுக்கணும்னே!"

"தனம், இரு புள்ள. நான் சொல்றதக் கேளு..."

"அண்ணன ஒரு வார்த்த சொல்லிட்டா உங்களுக்கு ஆகாதே! இன்னிக்கி கேக்காம விடமாட்டேன்."

"அடியே, இரு..."

அவள் தெருவுக்குப் போய்விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போன வேகத்தில் ஒரு ரிக்ஷாக்காரன் வழிவிட்டு ஒதுங்கினான்.

*

பழனியப்பன் கடை வாசலில் இஸ்திரி போடும் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தான். உள்ளே அவன் மனைவி பவுனம்மாள் விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கஞ்சி.

புருஷனின் அண்ணனான மூத்தாரை மாமா என்றுதான் தனலெட்சுமி கூப்பிடுவாள். இன்றைக்கு அதுவும் இல்லை.

"நல்லா இருக்கா? இது ஒரு ஆம்பள செய்யிற வேலையா?"

பழனியப்பன் நிமிர்ந்து பார்த்தான். "காலங்காத்தால என்ன கூச்சல்? வேலை கேட்டு வந்தியா? கம்பளம் சோறு போடலையா?"

"கேட்டு வருவேன்னு கனா காணாதீங்க. எங்க தொட்டிக்கு வந்து ஹோட்டல் கம்பளத்துல வட்டமும் புள்ளியும் வச்சிட்டுப் போனீங்களே, அத எப்புடி எடுப்பேன்? துரை மத்தியானம் வந்து பாத்தா என்ன சொல்லுவேன்?"

கரிப்பெட்டியை மறுபடி ஊதப் போன வாய் அப்படியே நின்றது.

"கம்பளத்துல எங் குறி இருக்கா?"

"ஒண்ணுந் தெரியாதவராட்டம் கேக்காதீங்க! வெள்ளக் கரையில, மூலையில, பட்டப்பகல்ல தெரியுது!"

பவுனம்மாள் கஞ்சிக் கையோடு எழுந்து வந்தாள். "ஏய், இவரு நேத்து முழுக்க முதுகுப் பிடிப்புன்னு படுத்துக் கெடந்தாரு. நாந்தான் எண்ணெ தேச்சேன். உன் தொட்டிக்குப் பறந்தா வந்தாரு? வாய் இருக்குன்னு என்ன வேணாலும் பேசிருவியா?"

"நீங்க அப்புடித்தான் சொல்லுவீங்கக்கா. ஒரே சட்டியில வெந்தவங்கதான ரெண்டு பேரும்."

"வெளிய போடி!"

"போறேன். இருக்கணும்னு ஒண்ணும் வரல!"

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் பழனியப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. வசைக்கு வசை கொடுக்காமல் அவன் இருந்ததே கிடையாது. அந்த நேரத்திலாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கோபத்தில் வரவில்லை. அவன் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் கிடந்த நல்ல சட்டையை எடுத்ததையும் அவள் பார்க்கவில்லை.

*

சூளைக்குத் திரும்பியபோது நாகையா தரையில் உட்கார்ந்து குறியின்மேல் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"அது போகாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குத் தேய்க்கிறீங்க?"

"நாந்தான் போட்டேன் தனம்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"சின்ன வயசுலேருந்து குறி போடாம ஒரு துணியத் தண்ணியில போட்டதில்ல. அப்பா கையில அடிப்பாரு. நீ தொட்டியில தண்ணி ரொப்புன்னு சொன்ன. கம்பளத்தத் தூக்கினேன். கை தானா மடியில சேங்கொட்டையத் தேடிருச்சு. போட்டு முடிச்சப்பறந்தான் என்ன செஞ்சேன்னே தெரிஞ்சிது. அடிப்பக்கந்தானே, தெரியாதுன்னு நெனச்சேன். மை மேல வரும்னு நெனக்கல."

அண்ணன் தம்பி தொழில் பிரிந்தால், தம்பி வேறு குறி எடுக்க வேண்டும். மூத்தவன் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக் கொடுக்க, இளையவன் அதைத் தொட்டுப் புதுக்குறியை ஒரு வெள்ளைத் துணியில் போட்டுக் காட்டுவது வழக்கம். இவர்கள் பிரிந்த விதத்தில் வெற்றிலைக்கு எங்கே இடம்? நாகையாவுக்கென்று ஒரு குறி இல்லை. அவன் கைக்குத் தெரிந்தது அண்ணன் குறி ஒன்றுதான்.

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல விட்டியா நீ?"

தனலெட்சுமிக்கு அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும்போல் இருந்தது. தன் கன்னத்திலும் ஒன்று கொடுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூத்தார் செய்யாத குற்றத்துக்கு அவரை நடுத்தெருவில் நிற்கவைத்துத் திட்டிவிட்டு வந்திருக்கிறாள். அது போகட்டும். திட்டுகிற சாக்கில், கம்பளத்தில் குறி இருக்கிற சேதியை அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கொடியிலிருந்த நல்ல சட்டையை அவள் பார்க்கவில்லை என்றாலும், மூத்தார் வாயடைத்து நின்ற முகம் இப்போது நினைவுக்கு வந்தது. இந்நேரம் ஹோட்டலுக்குக் கிளம்பியிருப்பார்.

"கம்பளத்தத் தூக்குங்க. கைவண்டியில போடுங்க. சீக்கிரம்!"

*

ஹில்வியூ ஹோட்டலின் பின்கட்டு வராந்தாவில் இவர்கள் போய் நின்றபோது பழனியப்பன் அங்கே இருந்தான். நல்ல சட்டை, நெற்றியில் திருநீறு. பெரிய கிராணி சீவரத்தினம் மேசைக்குப் பின்னால் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வா, வா. உன்னைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு இருக்கிறம்" என்றார் கிராணி தனலெட்சுமியைப் பார்த்து. "கம்பளத்தை விரி பாப்பம்."

விரித்தார்கள். கிராணி குனிந்தார்.  சிவப்பைத் தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அவரை அறியாமல் தலை ஆடியது.

"நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா இந்த ஆள் இதைத் தான் கழுவினது எண்டு சொல்லுறான்."

"என்னது?"

பழனியப்பன் தம்பி மனைவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிராணியிடமே பேசினான்.

"ஐயா, இதுங்களுக்குக் கம்பளத்தப் பத்தி என்ன தெரியும்? இங்கேருந்து வாங்கிட்டுப் போயி எங்கடையிலதான் குடுத்துச்சுங்க. வெளுத்தது நானு. காசு அடிக்கப் பாக்குறது அதுங்க. சந்தேகமா இருந்தா மூலையப் பாருங்க."

கிராணி மூலையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. உள்ளே குரல் கொடுத்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். அதே வட்டம், அதே மூன்று புள்ளி.

"பொய்யி ஐயா!" தனலெட்சுமியின் குரல் வராந்தாவைத் தாண்டிச் சமையலறை வரை போயிற்று. "வாய் கூசாம பொய் சொல்றாரு! கழுவினது நாங்க! என் கையப் பாருங்க, காடியில வெந்து போயிருக்கு!"

"சத்தம் போடாதை! இது சந்தையில்லை!" கிராணி மேசையைத் தட்டினார். "கை வெந்தா ஆர் சாட்சி? குறிதான் சாட்சி."

"ஐயா, எங்கப்பா மேல சத்தியம்" என்றான் பழனியப்பன், கையை நெஞ்சில் வைத்து. "இது என் குறி. வேற எவனுக்கும் இந்தக் குறி போட உரிமை கெடையாது. என் கையால போட்டது. இனி கம்பளத்தயும் விரிப்பு மாதிரி நேரா எங்கடைக்கே அனுப்பிருங்க. இவங்க சொன்ன வெலையில பாதி குடுங்க, போதும்."

நாகையா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் கோபம் இல்லை. அப்பன் பேரைச் சொல்லிப் பொய்ச்சத்தியம் செய்கிற அண்ணனை அவன் இதற்கு முன் கண்டதில்லை.

அந்த நேரத்தில்தான் முன்வாசலில் மோட்டார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கிராணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் கண் மறுபடி அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் போயிற்று. 

"துரை வந்திட்டார். இந்தக் கறுப்புக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? வெள்ளைக் கரையில கொண்டுவந்து போட்டு வச்சிருக்கிறியள்!"

அதைக் கேட்டதும் தனலெட்சுமியின் தலைக்குள் ஏதோ திறந்துகொண்டது. வாயில் வந்துகொண்டிருந்த அடுத்த வசையை விழுங்கினாள். தலையைக் குனிந்தாள். இப்படிக் குனிந்து அவளை யாரும் பார்த்ததில்லை.

"சரிங்கய்யா. பெரியவங்க சத்தியம் பண்ணின பெறகு நான் என்ன சொல்ல? குறி அவருதுதான். அவரு கையால போட்டதுதான்."

பழனியப்பனுக்கே ஆச்சரியமாகப் போயிற்று. மீசையைத் தடவிக்கொண்டான்.

நாகையா வாயைத் திறந்தான். "ஐயா, அந்தக் குறி..."

அவன் பாதத்தின் மேல் தனலெட்சுமியின் குதிகால் இறங்கியது. முழுப் பாரத்தோடு.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

*

ஹாரிஸ் துரை பெரிய உருவம். வெயிலில் வந்த முகம் கம்பளத்தைவிடச் சிவந்திருந்தது. கம்பளத்தைச் சுற்றி வந்தார். காலால் நீவினார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிராணி முதல் தடவையாகச் சிரித்தார். நல்ல வார்த்தைதான் என்று எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு துரை மூலைக்கு வந்தார்.

"இனி சியாப்பா பூஞா கெர்ஜா?"

இது யார் செய்த வேலை என்று மலாயில் கேட்கிறார். வேலைக்காரர்களிடம் துரைக்கு அந்த மொழிதான். குரல் ஓங்கவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

 கிராணி பழனியப்பன் பக்கம் விரலை நீட்டினார்.

"இவன், துரை. தன்ர கையால போட்டது எண்டு இப்பத்தான் சத்தியம் பண்ணினவன்" என்று தமிழிலேயே ஆரம்பித்து, பதற்றத்தில் நின்று, இங்கிலீஷுக்கு மாறினார்.

பழனியப்பன் முகத்தில் திருநீறு மட்டும்தான் வெள்ளையாக இருந்தது என்றால் பொய். முகமே வெளுத்துவிட்டது.

"இல்ல துவான்... என் தம்பி... அவன்தான் போட்டிருப்பான்..."

"டேய்!" கிராணி பாய்ந்தார். "தகப்பன் பேரில சத்தியம் பண்ணினாயே! ஒரு நிமிஷத்தில மாத்திக் கதைக்கிறாய்? ஆருக்கும் இந்தக் குறி போட உரிமை இல்லையெண்டு சொன்னது ஆர்?"

பழனியப்பன் தம்பியைப் பார்த்தான். கெஞ்சவில்லை. சொல்லுடா என்று பார்த்தான், அவ்வளவுதான். சிறுவயதில் கல்லெறிந்து அடுத்த வீட்டுக் கூரை ஓடுகளை உடைத்தபோதெல்லாம் அவன் தம்பியை அப்படித்தான் பார்ப்பான். தம்பி பழியை ஏற்றுக்கொள்வான்.

நாகையா தன் பாதத்தைப் பார்த்தான். தனலெட்சுமியின் குதிகால் எப்போதோ எடுபட்டிருந்தது. அவன் பேசவில்லை.

துரை விரிப்பையும் கம்பளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. விரிப்பு வேலை இன்றோடு இந்த ஆளுக்கு இல்லை. வேறு கடை பார்க்கச் சொன்னார். சத்தியத்தை மாற்றியவன் கழுவினதும் பொய்தான் என்று கிராணி தனலெட்சுமியின் வெந்த கையைக் காட்டினார். கம்பளத்தைக் கழுவியது அந்தப் பெண்தானா? அப்படியானால் சாப்பாட்டு அறையின் நீலக் கம்பளத்தை இன்றைக்கே எடுத்துப் போகட்டும். சனிக்கிழமை விருந்து இருக்கிறது. ஒரு கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டால் அதோடு சரி. படாவிட்டால் எல்லாக் கம்பளமும், கிள்ளானும்.

கிராணி அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, தனலெட்சுமி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

பழனியப்பன் படியிறங்கிப் போனான். போகும்போது தம்பியின் பக்கத்தில் நின்றான்.

"வட்டமும் புள்ளியும் உனக்கே இருக்கட்டும்டா. நல்லா வச்சிக்க."

 தனலெட்சுமியின் பக்கம் திரும்பாமலே போய்விட்டான்.

*

நீலக் கம்பளம் பெரிது. கைவண்டியில் இரண்டு பக்கமும் வழிந்தது. நாகையா தள்ளினான், தனலெட்சுமி கூடவே நடந்தாள். ஜெயித்த நாளில் ஒரு பலகாரமாவது வாங்கித் தருவான் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, பலகாரக்கடையைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை.

"என்ன ஊமையாயிட்டீங்க?"

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான்.

"அவரு நம்ம பொழப்பப் புடுங்க வந்தாரு. பாதி வெலைக்குக் கேட்டாரு. காதுல விழலையா?"

"விழுந்திச்சு."

"பின்ன? அவரு வாயாலதான் மாட்டிக்கிட்டாரு. நான் ஒரு பொய் சொல்லல. குறி அவருதுன்னு சொன்னேன். அது நெசந்தான?"

"அவரு கையால போட்டதுன்னு சொன்ன. அது நெசமா?"

 பதில் இல்லாதபோது அவள் இன்னும் சத்தமாகப் பேசுவாள். சூளை வரும்வரை பேசினாள்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்கள். காடியைக் கலந்தார்கள். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக் கம்பளத்தை இறக்கினார்கள். கம்பளம் தண்ணீர் குடித்து மெல்ல அடியில் போய்ப் படுத்தது. நனையாத கம்பளத்தை நாகையா ஒருவனே தோளில் போட்டுக்கொள்வான். நனைந்ததை எந்தப் பயில்வானாலும் தனியாகத் தூக்க முடியாது.

நாகையா கையைத் துடைத்துக்கொண்டான். மடியிலிருந்த சேங்கொட்டையை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தான்.

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"எதுக்கு?"

"விடிஞ்சதும் துரைகிட்ட போயி, குறி போட்டது நாந்தான்னு சொல்லப் போறேன். அத அண்ணன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

"பைத்தியமா உங்களுக்கு? சொன்னா இந்தக் கம்பளம் போயிரும். கிள்ளான் போயிரும். அந்தக் கிராணி நம்மள வாசல்ல நிக்க விடமாட்டாரு!"

"போகட்டும்."

"எம்புட்டு அலஞ்சு வாங்கினேன் தெரியுமா? அந்த வராந்தாவுக்கு வெளிய எத்தன நாள் வெயில்ல நின்னேன் தெரியுமா? அவரு உங்களுக்காக என்னிக்காச்சும் வாயத் தொறந்திருக்காரா?"

"இல்ல." நாகையா தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ கால எடுத்தப்பறமும் நான் பேசல தனம். அதான் எனக்குத் தாங்கல. கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருந்திச்சு, அவரு அப்புடி முழிக்கிறதப் பாக்க."

அவன் போய்விட்டான்.

தனலெட்சுமி அவன் போன திசையில் ஒரு கைப்பிடி மண்ணை வாரி எறிந்தாள். அழுகை வந்தது. அழுதாள். ஆத்திரத்தில் அழுகிறவர்களுக்கு அது சீக்கிரம் நின்றுவிடும். முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.

தண்ணீர் நீலமாக இருந்தது.

முதலில் நிழல் என்று நினைத்தாள். கையை விட்டுப் பார்த்தாள். விரலிடுக்கில் நீலம். சாயம் இறங்குகிறது. எந்தக் கம்பளமானாலும் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்த பிறகுதான் தொட்டியில் போட வேண்டும் என்று நாகையாவுக்குப் பாடம் நடத்தியவளே இவள்தான். இன்று சண்டையில் அதை மறந்துவிட்டாள். உடனே தூக்கி வெயிலில் போட்டால் பிழைக்கும். கிடக்கக் கிடக்க, நடுவிலிருக்கிற வெள்ளைப் பூவெல்லாம் நீலமாகிவிடும்.

தொட்டிக்குள் இறங்கினாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். முனை மட்டும் வந்தது. மறுபடி இழுத்தாள். கால் வழுக்கி உட்கார்ந்தாள். எழுந்து மறு முனைக்கு ஓடி இழுத்தாள். இந்த முனை உள்ளே சரிந்தது.

"என்னாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "யாராச்சும் வாங்களேன்!"

ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று. அது போன பிறகு பார்த்தால், தொட்டி மேட்டில் பவுனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் கஞ்சி காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்துகொண்டிருந்தது.

"நல்லா வேணும்" என்றாள் பவுனம்மாள்.

"சிரிக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமா. சிரிக்கலாம்னுதான் வந்தேன். உன் புருஷன் எங்க வாசல்ல நிக்கிறாரு. எங்க வீட்டுக்காரரு கதவத் தொறக்கல. நாளைக்கித் துரைகிட்ட போயி எல்லாத்தயும் சொல்லப் போறேன்னு வெளிய நின்னு கத்துறாரு."

 தண்ணீர் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தது.

பவுனம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். தொட்டியில் இறங்கினாள். மறு முனையைப் பிடித்தாள்.

"தூக்கு."

தூக்கினார்கள். தண்ணீர் கொட்டக் கொட்டக் கம்பளம் மேலே வந்தது. இருவர் இடுப்புக்கு நடுவில் தொங்கியது. இனி ஒரே மூச்சில் விளிம்பைத் தாண்டிப் பரணுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் பவுனம்மாள் நகரவில்லை.

"உன்மேல எரக்கப்பட்டு எறங்கலடி நான். உன் புருஷன் போயி உண்மையச் சொன்னா, அந்தத் துரை விரிப்பு வேலைய எங்களுக்குத் திருப்பித் தந்துருவானா? பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு எவன் தருவான்? உனக்குக் கம்பளமும் இருக்காது. ரெண்டு வீட்டு அடுப்பும் அவிஞ்சிரும். ஆம்பளைங்களுக்கு ரோசந்தான் பெரிசு. எனக்கு நாளைக்கி ஒல வைக்கணும்."

"அதுக்கு?"

"நாளைக்கி உன் புருஷன் அந்த ஹோட்டல் வாசல மிதிக்கக் கூடாது. தடுக்கிறது எம் பொறுப்பு. எப்புடின்னு கேக்காத."

கம்பளம் கனத்தது. 

"அதுக்குப் பதிலா இனி வர்ற கம்பளத்துல பாதி எங்களுக்கு. உன் மூத்தாருக்கும் தெரிய வேணாம், உன் புருஷனுக்கும் தெரிய வேணாம். சரின்னு சொல்லு. இல்லன்னா இப்பவே கைய விட்டுருவேன்."

அவள் விட்டுவிடுவாள். அதில் தனலெட்சுமிக்குச் சந்தேகமே இல்லை. தானாக இருந்தாலும் விட்டிருப்பாள்.

நீலத் தண்ணீர் இருவர் காலிலும் சொட்டிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில் நாகையாவின் தலை தெரிந்தது. வேகமாக வந்துகொண்டிருந்தான்.

"சீக்கிரம் சொல்லுடி. அவரு வர்றாரு."

தனலெட்சுமி புருஷனைப் பார்த்தாள். ஓரகத்தியைப் பார்த்தாள். பிடியை இறுக்கினாள்.

"கால அகட்டி வைங்கக்கா" என்றாள். "மொதல்ல தூக்குவோம்."